குனுபிளாட்டில் எந்த அமைப்பை எங்கே வைப்பது? வாசகர் கேள்வி பதில்

வரைபடம் போட குனுபிளாட்டைப் பயன்படுத்தும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமைப்புகளைப் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கட்டளைகளை ஒலிப்படியே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து கட்டாயமான இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: நிரலைத் திறக்கும்போதெல்லாம் கட்டம் வேண்டும், கோடு இவ்வளவு தடிமன், நிறம் இது என்று பத்து வரி தட்ட வேண்டியிருக்கிறது. ஒரே தடவை சொல்லி வைத்துவிட முடியாதா? வீட்டில் விண்டோஸ், கல்லூரியில் உபுண்டு. (ஆய்வு மாணவி, காரைக்குடி)

பதில்: முடியும். குனுபிளாட் தொடங்கும்போது உங்கள் சொந்தத் தொடக்கக் கோப்பு ஒன்றைத் தேடிப் படிக்கும். உபுண்டுவில் அது உங்கள் ஹோம் அடைவில் இருக்கும் .குனுபிளாட் என்ற கோப்பு. பெயரின் முதல் எழுத்தே புள்ளி என்பதால் சாதாரணப் பட்டியலில் கண்ணில் படாது. எல்எஸ் -ஏ போட்டால் தெரியும். விண்டோசில் அதன் பெயர் குனுபிளாட்.ஐஎன்ஐ. ஆப்டேட்டா அடைவின் உள்ளே ரோமிங் அடைவில் வைக்க வேண்டும். நோட்பேடில் சேமித்தால் பெயருக்குப் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். 'கோப்பு இருக்கிறது, ஆனால் படிக்கவில்லை' என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். சேமிக்கும்போது கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன எழுதலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

செட் என்கோடிங் யூடிஎஃப்8
செட் கலர்சீக்வென்ஸ் போடோ
செட் ஃபார் [ஐ=1:8] லைன்டைப் ஐ லைன்வித் 2
செட் ஸ்டைல் டேட்டா லைன்ஸ்
செட் கிரிட்
செட் பார்டர் 3
செட் டிக்ஸ் நோமிரர்

போடோ என்பது நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பிரித்தறிய முடிகிற எட்டு நிறங்களின் வரிசை. 2015-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. அந்த வரி லைன்டைப் வரிக்கு முன்னால் இருக்கட்டும், ஏனென்றால் அது எட்டுக் கோட்டு வகைகளையும் மாற்றி எழுதுகிறது. பார்டர் 3 என்பதில் உள்ள எண் ஒரு கூட்டுத்தொகை: கீழ்க் கோட்டுக்கு 1, இடதுக்கு 2, மேலுக்கு 4, வலதுக்கு 8. கீழும் இடதும் மட்டும் போதுமென்றால் 3. வலப்பக்கமும் ஓர் அச்சு வேண்டுமானால் 11.

இப்போது பலரும் இடறும் இடம். ரீசெட் என்று தட்டினால் எல்லாம் உங்கள் தொடக்கக் கோப்பில் சொன்ன நிலைக்குத் திரும்பும் என்று நினைக்கிறோம். அப்படி நடக்காது. குனுபிளாட் தன் பிறவி நிலைக்குத் திரும்பும். கட்டமும் போகும், பார்டரும் பழையபடி நான்கு பக்கமும் வரும். ஆனால் ரீசெட் தொடாத சில உண்டு: டெர்மினல் (படம் திரைக்கா, எந்த வகைக் கோப்புக்கா என்று சொல்வது), அவுட்புட், என்கோடிங், லோகேல், லைன்டைப், ஃபிட் அமைப்புகள், லோட்பாத். எனவே நிறத்தையும் தடிமனையும் ஸ்டைல் லைன் என்று எழுதாமல் லைன்டைப் என்று எழுதினால் ரீசெட்டுக்குப் பிறகும் அவை நிலைக்கும். தொடக்கக் கோப்பையே மறுபடி படிக்கச் செய்ய வேண்டுமென்றால் ரீசெட் செஷன் என்று கொடுக்க வேண்டும். அது நீங்கள் வரையறுத்த மாறிகளையும் சார்புகளையும் சேர்த்தே அழித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். செட் எக்ஸ்ரேஞ்ச், செட் எக்ஸ்டேட்டா டைம், செட் டேட்டாஃபைல் செப்பரேட்டர் போன்றவை ஒரு குறிப்பிட்ட தரவுக்கு உரியவை. அவற்றைத் தொடக்கக் கோப்பில் போட்டால், மூன்று மாதம் கழித்து வேறொரு கோப்பை வரையும்போது 'ஏன் புள்ளியே வரவில்லை' என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். அவை ஒவ்வொரு படத்தின் ஸ்கிரிப்டிலும் (அந்தப் படத்துக்கான கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) இருக்கட்டும். எங்கள் பரிந்துரை: தொடக்கக் கோப்பில் ரசனை மட்டும், தரவு பற்றிய பேச்சு முழுவதும் ஸ்கிரிப்டில். உங்கள் ஸ்கிரிப்ட் தொடக்கக் கோப்பை நம்பி இருக்கிறதா என்று சோதிக்க, குனுபிளாட் -டி என்று சேர்த்து ஓட்டுங்கள். உங்கள் தொடக்கக் கோப்பைப் படிக்காமலே ஓடும். அப்படி ஓட்டியும் படம் சரியாக வந்தால், அந்த ஸ்கிரிப்டை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

கேள்வி: படத்தை பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கிறேன். கோப்பு உருவாகிறது, ஆனால் திறந்தால் வெறுமை. சில நேரம் 0 பைட். (பொறியியல் மாணவர், கோவில்பட்டி)

பதில்: கோப்பு இன்னும் மூடப்படவில்லை. குனுபிளாட்டின் உரையாடல் திரையில் இருந்தபடியே படத்தைத் திறந்து பார்க்கிறீர்கள். பிளாட் கட்டளைக்குப் பிறகு அன்செட் அவுட்புட் என்று ஒரு வரி கொடுத்தால்தான் எழுதியது முழுவதும் வட்டுக்குப் போய்ச் சேரும். வரிசை இப்படி இருக்கட்டும்:

செட் டெர்மினல் புஷ்
செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ சைஸ் 1000,700
செட் அவுட்புட் 'படம்1.பிஎன்ஜி'
பிளாட் 'தரவு.டேட்' யூசிங் 1:2
அன்செட் அவுட்புட்
செட் டெர்மினல் பாப்

டெர்மினல் முதலில், அவுட்புட் அடுத்து. இந்த வரிசையைக் கையேடே பாதுகாப்பானது என்று சொல்கிறது. முதல் வரியும் கடைசி வரியும் எதற்கென்றால், பழைய திரை டெர்மினலை நினைவில் வைத்து மறுபடி கொண்டுவர. அவை இல்லாவிட்டால் அடுத்து நீங்கள் பிளாட் கொடுக்கும்போது திரையில் ஒன்றும் வராது. டெர்மினல் இன்னும் பிஎன்ஜிகெய்ரோவாகவே இருக்கும். ஒரே பக்கத்தில் பல படம் வைக்கும் மல்டிபிளாட் போட்டிருந்தால் அன்செட் மல்டிபிளாட்டையும் மறக்காதீர்கள்.

விண்டோசில் இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. பாதையை இரட்டை மேற்கோளில் எழுதினால், பின்சாய்கோட்டுக்குப் பிறகு வரும் என் எழுத்து 'அடுத்த வரி' என்றும், டி எழுத்து 'டேப்' என்றும் பொருள்படும். நியூ என்ற அடைவு இந்த வகையில் காணாமல் போகும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள், அல்லது முன்சாய்கோட்டையே பயன்படுத்துங்கள். விண்டோசிலும் அது செல்லும். இரண்டாவது, அடைவு ஏற்கெனவே இருக்க வேண்டும். குனுபிளாட் கோப்பை உருவாக்குமே தவிர அடைவை உருவாக்காது. 'கேனாட் ஓபன் ஃபைல். அவுட்புட் நாட் சேஞ்ட்' என்று வந்தால் அடைவு இல்லை, அல்லது அதே கோப்பை வேறொரு நிரல் திறந்து பூட்டி வைத்திருக்கிறது.

கேள்வி: மேட்டூர் அணையின் தினசரி நீர்மட்டமும் இருப்பும் சிஎஸ்வி (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த) கோப்பாக வைத்திருக்கிறேன். முதல் பத்தியில் தேதி, நாள்/மாதம்/ஆண்டு என்ற வடிவில். வரையச் சொன்னால் 'நீட் ஃபுல் யூசிங் ஸ்பெக் ஃபார் எக்ஸ் டைம் டேட்டா' என்று நிற்கிறது. அதைச் சரிசெய்தபின் எல்லாப் புள்ளியும் ஜனவரியில் குவிகிறது. மட்டத்தையும் இருப்பையும் ஒரே படத்தில் இரண்டு அச்சில் காட்டவும் வேண்டும். (பாசன ஆர்வலர், பவானி)

பதில்: மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. வரிசையாகப் பார்ப்போம்.

பிழைச் செய்தி சொல்வது இதுதான்: எக்ஸ் அச்சு நேரம் என்று அறிவித்துவிட்டால், எந்தப் பத்தி எக்ஸ், எந்தப் பத்தி ஒய் என்று நீங்களே சொல்ல வேண்டும். சாதாரண எண்களுக்கு யூசிங் இல்லாமலே குனுபிளாட் ஊகித்துக்கொள்ளும். தேதியில் இடைவெளி இருந்தால் அதுவே இரண்டு பத்தியை அடைத்துக்கொள்ளும் என்பதால், இங்கே ஊகிக்க மறுக்கிறது. யூசிங் 1:2 என்று எழுதினால் செய்தி போய்விடும்.

ஜனவரிக் குவியலுக்குக் காரணம் வடிவக் குறியில் இருக்கும் பெரிய எழுத்து. %எம் சிறிய எழுத்தாக இருந்தால் மாதம். பெரிய எழுத்தாக இருந்தால் நிமிடம். நீங்கள் பெரியதை எழுதியிருக்கிறீர்கள். மாதம் என்று எதையும் படிக்காததால் எல்லாத் தேதியும் முதல் மாதத்தில் விழுகிறது. %டி சிறியது: நாள். %ஒய் பெரியது: நான்கு இலக்க ஆண்டு, சிறியது: இரண்டு இலக்க ஆண்டு.

முழு ஸ்கிரிப்ட் (டைம்எஃப்எம்டி வரியில் ஒய் மட்டும் பெரிய எழுத்து):

செட் டேட்டாஃபைல் செப்பரேட்டர் ','
செட் எக்ஸ்டேட்டா டைம்
செட் டைம்எஃப்எம்டி '%டி/%எம்/%ஒய்'
செட் எக்ஸ்ரேஞ்ச் ['01/06/2024':'31/05/2025']
செட் ஃபார்மேட் எக்ஸ் '%பி'
செட் பார்டர் 11
செட் ஒய்டிக்ஸ் நோமிரர்
செட் ஒய்2டிக்ஸ்
செட் ஒய்ரேஞ்ச் [0:120]
செட் ஒய்2ரேஞ்ச் [0:100]
செட் ஒய்லேபிள் 'நீர்மட்டம், அடி'
செட் ஒய்2லேபிள் 'இருப்பு, டிஎம்சி'
செட் ஆரோ ஃப்ரம் '12/06/2024', கிராஃப் 0 டு '12/06/2024', கிராஃப் 1 நோஹெட்
பிளாட் 'மேட்டூர்.சிஎஸ்வி' ஸ்கிப் 1 யூசிங் 1:2 வித் லைன்ஸ் டைட்டில் 'மட்டம்', '' ஸ்கிப் 1 யூசிங் 1:3 ஆக்சஸ் எக்ஸ்1ஒய்2 வித் லைன்ஸ் டைட்டில் 'இருப்பு'

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதனால்தான் இடது அச்சை 120-இலும் வலது அச்சை 100-இலும் நிறுத்தியிருக்கிறோம். தானாக அளவிட விட்டால், மட்டம் 90 முதல் 110 வரை மட்டுமே ஆடிய ஆண்டில் சின்ன இறக்கம்கூட அணை வறண்டதுபோலத் தெரியும். ஜூன் 12 குறுவைக்கு வழக்கமாக நீர் திறக்கும் நாள் என்பதால் அதற்கு ஒரு செங்குத்துக் கோடு. அம்புக்குறியின் தலை வேண்டாம் என்பதற்கு நோஹெட். கிராஃப் 0, கிராஃப் 1 என்பவை படச் சட்டத்தின் அடியும் உச்சியும்; ஒய் அச்சின் எல்லை மாறினாலும் கோடு முழு உயரத்துக்கு நிற்கும்.

வரிசையைக் கலைக்காதீர்கள். எக்ஸ்ரேஞ்சில் மேற்கோளுக்குள் இருக்கும் தேதியை, அந்த வரி படிக்கப்படும் நேரத்தில் நடப்பில் உள்ள டைம்எஃப்எம்டி கொண்டுதான் குனுபிளாட் புரிந்துகொள்கிறது. டைம்எஃப்எம்டி பின்னால் வந்தால் எல்லை தப்பாகும். உள்ளே வருவதைப் படிக்க டைம்எஃப்எம்டி, அச்சில் எழுதிக் காட்ட ஃபார்மேட் எக்ஸ். இரண்டும் வேறு வேலை. பலர் ஒன்றை மாற்றிவிட்டு மற்றது மாறும் என்று காத்திருப்பார்கள்.

ஒய்2டிக்ஸ் வரி இல்லாவிட்டால் வலப்பக்கம் எண்ணே வராது, இருப்புக் கோடு மட்டும் அளவில்லாமல் நிற்கும். இடப்பக்கத்துக்கு நோமிரர் கொடுக்காவிட்டால் இடது அச்சின் கோடுகள் வலப்பக்கமும் பிரதிபலித்து, இரண்டு அளவுகளும் கலந்துவிடும்.

மாதக் குறிகளை நீங்களே இடைவெளி சொல்லிப் போட நினைத்தால், குனுபிளாட் நேரத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து வினாடிகளாக வைத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு நாள் 86400, ஒரு வாரம் 604800. முப்பது நாளுக்கு 2592000 என்று கொடுத்தால் குறிகள் மாதத் தொடக்கத்திலிருந்து மெல்ல நழுவும். தேதிகளையே பட்டியலாகத் தருவது நல்லது: செட் எக்ஸ்டிக்ஸ் ('01/06/2024', '01/09/2024', '01/12/2024', '01/03/2025'). பதிவு விடுபட்ட நாட்களில் கோடு தொடராமல் அறுபட வேண்டுமென்றால், அந்த இடத்தில் கோப்பில் ஒரு வெற்று வரி விடுங்கள்.

கேள்வி: தமிழில் தலைப்புக் கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன, சில இடங்களில் வெறும் கட்டமாக வருகிறது. குனுபிளாட்டுக்குத் தமிழ் வராதா? (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

பதில்: நன்றாக வரும். டெர்மினல்தான் மாற வேண்டும். பிஎன்ஜி என்ற பெயரில் இரண்டு டெர்மினல்கள் இருக்கின்றன. வெறும் பிஎன்ஜி என்பது ஜிடி நூலகத்தைக் கொண்டு வரைகிறது. அது குறிகளை வந்த வரிசையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும். 'கெ' எழுத ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. பிஎன்ஜிகெய்ரோவும் பிடிஎஃப்கெய்ரோவும் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அது எழுத்துகளைத் தமிழ் முறைப்படி கோத்துத் தரும். திரைக்குக் க்யூடி டெர்மினலும் சரியாகவே காட்டும்.

செட் என்கோடிங் யூடிஎஃப்8
செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ ஃபான்ட் 'நோட்டோ சான்ஸ் தமிழ்,13' சைஸ் 1000,700

எழுத்துருப் பெயரும் அளவும் ஒரே மேற்கோளுக்குள், நடுவே காற்புள்ளி. பெயரைத் தப்பாக எழுதினால் பிழைச் செய்தி வராது. சத்தமில்லாமல் வேறோர் எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் லினக்சில் எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ என்று கேட்டு, அங்கே உள்ள பெயரை அப்படியே எடுங்கள். விண்டோசில் நிர்மலா யூஐ இருக்கும். பாமினி போன்ற பழைய குறிமுறையில் தட்டச்சு செய்த தலைப்புகள் எந்த டெர்மினலிலும் சரியாக வராது. முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். எஸ்விஜி கோப்பில் எழுத்துரு உள்ளே போகாது, பார்ப்பவர் கணினியில் இருப்பதுதான் தெரியும். வெளியில் அனுப்பும் படத்துக்குப் பிடிஎஃப் நம்பகமானது.

மாதப் பெயர்களும் தமிழில் வேண்டுமா? செட் லோகேல் 'டிஏ_ஐஎன்.யூடிஎஃப்-8' என்று கொடுங்கள். நாட்டுக் குறியான ஐஎன், அதன் பின்னால் வரும் யூடிஎஃப் இரண்டும் பெரிய எழுத்தில். அந்த லோகேல் (மொழி, நாட்டு அமைப்பு) கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். லோகேல் -ஏ என்று ஷெல்லில் (லினக்சின் கட்டளைத் திரையில்) கேட்டால் பட்டியல் வரும்.

கேள்வி: கோப்பின் பெயரில் அடிக்கோடு இருந்தால், படத்தின் குறிப்புப் பெட்டியில் அடுத்த எழுத்து கீழே இறங்கிச் சிறியதாகிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 5.0-இலிருந்து என்ஹான்ஸ்ட் என்ற உரைமுறை இயல்பாகவே நடப்பில் இருக்கிறது. அதில் அடிக்கோடு கீழெழுத்து, கூரைக் குறி மேலெழுத்து. செட் கீ நோஎன்ஹான்ஸ்ட் என்றால் குறிப்புப் பெட்டியில் மட்டும் அது நிற்கும். அச்சுத் தலைப்பில் வேதியியல் வாய்பாடு எழுதும் வசதி அப்படியே இருக்கும். படம் முழுக்க வேண்டாம் என்றால் செட் டெர்ம்ஆப்ஷன் நோஎன்ஹான்ஸ்ட்.

கேள்வி: தொலைவில் உள்ள சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்கிறேன். பிளாட் கொடுத்தால் ஒன்றும் நடப்பதில்லை. தொடங்கும்போது 'டெர்மினல் டைப் இஸ் நவ் அன்நோன்' என்கிறது. (கணினி நிர்வாகி, சிங்கப்பூர்)

பதில்: திரை எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். உபுண்டு, டெபியனில் குனுபிளாட் மூன்று பொதிகளாகக் கிடைக்கிறது: குனுபிளாட்-நாக்ஸ், குனுபிளாட்-எக்ஸ்11, குனுபிளாட்-க்யூடி. சர்வர்களில் பெரும்பாலும் நாக்ஸ்தான் இருக்கும். அதில் சாளரம் திறக்கும் டெர்மினலே கிடையாது. செட் டெர்மினல் என்று மட்டும் தட்டினால் உங்கள் பொதியில் உள்ளவை எல்லாம் பட்டியலாக வரும்.

தரவு சரியாகப் படிக்கப்படுகிறதா என்று பார்க்க மட்டும் சாளரம் தேவையில்லை. செட் டெர்மினல் டம்ப் சைஸ் 120,40 கொடுங்கள் (டம்ப் என்பது 'ஊமை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்). வெறும் எழுத்துக் குறிகளால் ஷெல்லிலேயே படம் வரும். அளவு சொல்லாவிட்டால் 79 எழுத்து அகலம், 24 வரி உயரம். பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது போக்கைக் கவனிக்க இதைவிட விரைவான வழி கிடையாது. அழகான படம் வேண்டும்போது பிஎன்ஜிகெய்ரோவில் கோப்பாக்கி எடுத்துவாருங்கள். அந்த சர்வரில் எப்போதும் டம்ப்தான் என்றால், குனுடெர்ம் என்ற சூழல் மாறியில் அதைச் சொல்லி வையுங்கள். பெயர் முழுவதும் பெரிய எழுத்து. தொடக்கக் கோப்பில் டெர்மினலை எழுதி வைப்பதைவிட இது நல்லது. அதே தொடக்கக் கோப்பை மடிக்கணினிக்கும் எடுத்துப் போகலாம்.

கேள்வி: சைன்(100*எக்ஸ்) வளைவு கோணல்மாணலாக வருகிறது. 1/3 பெருக்கல் எக்ஸ் வரைந்தால் பூச்சியத்தில் படுத்த கோடு. (பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: முதலாவது, மாதிரிப் புள்ளிகள் போதவில்லை. குனுபிளாட் ஒரு சார்பை இயல்பாக 100 புள்ளிகளில் கணக்கிட்டு நேர்கோடுகளால் இணைக்கிறது. இயல்பான எல்லை -10 முதல் 10 வரை. நீங்கள் வரைந்த சைன்(100*எக்ஸ்) அந்த எல்லைக்குள் சுமார் 318 அலைகள் அடிக்கும். ஓர் அலைக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காதபோது வருவது பொய்யான அலை. செட் சாம்பிள்ஸ் 10000 கொடுத்தால் ஓர் அலைக்கு முப்பது புள்ளி கிடைக்கும். வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். மாதிரி எடுத்தலைப் பற்றிய பாடமே அதில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான், 1/3 பூச்சியமாகிவிடும். 1.0/3 என்று எழுதுங்கள். கோப்பிலிருந்து படிக்கும் பத்திகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை தசம எண்களாகவே வரும். அடுக்குக் குறி இரட்டை நட்சத்திரம். கூரைக் குறி வேறொரு வேலைக்கு. பாகையில் பாடம் நடத்துவதானால் செட் ஆங்கிள்ஸ் டிகிரீஸ், கூடவே செட் எக்ஸ்ரேஞ்ச் [0:360]. இரண்டாவதை விட்டுவிட்டால் -10 பாகை முதல் 10 பாகை வரை மட்டும் தெரியும். சைன் வளைவு ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும்.

கேள்வி: ஒரு படத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்துவிட்டேன். இந்த நிலையை அப்படியே சேமித்து நண்பருக்கு அனுப்பலாமா? (ஆய்வு மாணவர், திருச்சி)

பதில்: சேவ் 'நிலை.ஜிபி' என்று கொடுத்தால் அமைப்புகள், மாறிகள், சார்புகள், கடைசி பிளாட் கட்டளை எல்லாம் எளிய உரையாகக் கோப்பில் விழும். லோட் 'நிலை.ஜிபி' கொடுத்தால் படம் திரும்ப வரும். அமைப்புகள் மட்டும் போதுமென்றால் சேவ் செட். கவனிக்க வேண்டியது, டெர்மினலும் அவுட்புட்டும் அந்தக் கோப்பில் குறிப்புரையாகத்தான் எழுதப்படும், முன்னால் ஹாஷ் குறியோடு. நண்பரின் கணினியில் அதே டெர்மினல் இருக்க வேண்டியதில்லை என்பதால் இந்த ஏற்பாடு. படத்தின் அளவும் எழுத்துருவும் போகவில்லை என்று பலர் குறைப்படுவது இதனால்தான். அந்த வரியின் ஹாஷை நீக்கினால் போதும்.

அனுப்புவதற்கு இது நல்ல வடிவம் அல்ல. நீங்கள் தொடாத அமைப்புகளையும் சேர்த்து நீளமாக எழுதும். எது உங்கள் முடிவு, எது இயல்புநிலை என்று படிப்பவருக்குத் தெரியாது. 2023 டிசம்பரில் வெளியான 6.0-இல் சேமித்ததைப் பழைய பதிப்பில் ஏற்றினால், அங்கே இல்லாத சொல்லில் போய் நிற்கவும் கூடும். சேவ் கோப்பைத் திறந்து, நீங்கள் மாற்றிய பத்துப் பன்னிரண்டு வரிகளை மட்டும் பொறுக்கி ஒரு ஸ்கிரிப்ட் ஆக்குங்கள். முதல் வரியில் ஷோ வெர்ஷன் காட்டும் பதிப்பு எண்ணைக் குறிப்பாக எழுதுங்கள்.

கேள்வி: பிஎன்ஜிகெய்ரோவில் 1417,945 அளவும் 12 அளவு எழுத்தும் கொடுத்தேன். ஆய்வேட்டில் 12 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சான படத்தில் எழுத்து எறும்புபோலச் சிறுத்துவிடுகிறது. (முனைவர் பட்ட மாணவி, சென்னை)

பதில்: பிஎன்ஜிகெய்ரோவில் அங்குலம், சென்டிமீட்டர் என்று அளவு சொன்னால், அங்குலத்துக்கு 72 புள்ளி என்றே கணக்கிடும். 12 சென்டிமீட்டர் கேட்டால் 340 புள்ளிதான் கிடைக்கும், அச்சில் மங்கல். அதைச் சரிசெய்ய 300 புள்ளிக் கணக்கில் 1417,945 என்று அளவைப் பெருக்கியிருக்கிறீர்கள், எழுத்தைப் பெருக்கவில்லை. 12 அளவு எழுத்து அச்சில் 3-க்கும் கீழே போய்விட்டது. 300-ஐ 72-ஆல் வகுத்தால் நாலே சொச்சம். அதே விகிதத்தில் எல்லாவற்றையும் பெருக்குங்கள்:

செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ சைஸ் 1417,945 ஃபான்ட்ஸ்கேல் 4 லைன்வித் 4 பாயின்ட்ஸ்கேல் 4

ஆனால் ஆய்வேட்டுக்கு பிஎன்ஜியே வேண்டாம். செட் டெர்மினல் பிடிஎஃப்கெய்ரோ சைஸ் 12செமீ,8செமீ என்று கொடுத்து (செமீ என்ற இடத்தில் சி, எம் எழுத்துகள்), அதே 12 சென்டிமீட்டர் அகலத்தில் ஏட்டில் வையுங்கள். எழுத்து கோப்பில் உள்ள அளவிலேயே அச்சாகும். அளவு சொல்லாவிட்டால் 5 அங்குலம் அகலம், 3 அங்குலம் உயரம். வேர்டிலோ லேடெக்கிலோ கொண்டுபோய் இழுத்துப் பெரிதாக்குவதை அறவே விடுங்கள். படத்துக்குப் படம் எழுத்தின் அளவு மாறுவது அங்கேதான் தொடங்குகிறது. ஏட்டைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுப்பார்கள் என்றால் செட் மோனோகுரோம் போடுங்கள், நிறத்துக்குப் பதில் கோட்டின் வெட்டு மாறும்.

கேள்வி: 12 மாதக் கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஸ்கிரிப்டை ஓட்டினாலும், கட்டளையை -இ என்று ஷெல்லிலிருந்தே கொடுத்தாலும் ஏதேதோ பிழை. இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். (தரவுப் பணியாளர், கோயம்புத்தூர்)

பதில்: ஷெல்லில் சுற்றுப்போடத் தேவையே இல்லை, குனுபிளாட்டுக்குள்ளேயே முடியும்:

செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ சைஸ் 1000,700
செட் டேட்டாஃபைல் செப்பரேட்டர் ','
டூ ஃபார் [ஐ=1:12] {
செட் அவுட்புட் ஸ்பிரின்ட்எஃப்('மாதம்%02டி.பிஎன்ஜி', ஐ)
பிளாட் ஸ்பிரின்ட்எஃப்('மாதம்%02டி.சிஎஸ்வி', ஐ) யூசிங் 1:2
}
அன்செட் அவுட்புட்

மேற்கோளுக்குள் வெறுமனே ஐ என்று எழுதினால் அது எழுத்தாகவே நிற்கும், எண்ணாக மாறாது. அதனால்தான் ஸ்பிரின்ட்எஃப்.

கட்டளையை -இ என்று ஷெல்லிலிருந்தே கொடுத்தால் வரும் பிழைக்குக் காரணம் டாலர் குறி. நீங்கள் இரட்டை மேற்கோளுக்குள் யூசிங் 1:($2/100000) என்று எழுதியிருக்கிறீர்கள். லட்சத்தில் காட்டும் கணக்கு சரிதான், ஆனால் $2-ஐ குனுபிளாட் பார்ப்பதற்கு முன்பே பாஷ் (உங்கள் ஷெல்) தன் மாறி என்று நினைத்து வெறுமையாக்கிவிடுகிறது. வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே கோப்புப் பெயருக்கு இரட்டை மேற்கோள் என்று மாற்றினால் தீரும். ஸ்கிரிப்டுக்குக் கோப்புப் பெயரை வெளியிலிருந்து தர வேண்டுமானால் குனுபிளாட் -சி ஸ்கிரிப்ட்.ஜிபி கோப்பு.சிஎஸ்வி என்று ஓட்டுங்கள். உள்ளே அந்தப் பெயர் ஏஆர்ஜி1 என்ற மாறியில் இருக்கும், மூன்று எழுத்தும் பெரியவை.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டில் இன்னும் இரண்டு தவறு இருக்கிறது. ஐந்தாம் வரியின் இறுதியில் பின்சாய்கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. அந்தக் குறி வரியின் கடைசி எழுத்தாக இருந்தால்தான் அடுத்த வரி தொடரும். எட்டாம் வரியில் இருப்பவை வேர்ட் செயலி மாற்றிவைத்த வளைந்த மேற்கோள்கள். குனுபிளாட்டுக்கு நேர் மேற்கோள் மட்டுமே தெரியும். இரண்டையும் திருத்தி, முதலில் ஒரே ஒரு மாதத்துக்கு [ஐ=1:1] என்று ஓட்டிப் பாருங்கள். படம் சரியாக வந்தபின் 12-க்கு மாற்றலாம்.